முடியலை என்று எழுதியவனுக்கு

பிரவீன்,

கோகர்ணாவில் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து நீ ஊருக்கே எழுதிப் போட்டதை நானும் படித்தேன். நீ எனக்கு அனுப்பவில்லை. என்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த தோழி ஒருத்தி அனுப்பினாள், "உன் பிள்ளை எவ்ளோ அழகா மனசத் திறந்து எழுதியிருக்கான் பாரு" என்று. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தேன். அடுத்த மாதம் உனக்கும் பவித்ராவுக்கும் நடக்கவிருந்த கல்யாணம் ஏன் நடக்காது என்பதற்கு நீ சொன்ன காரணங்களில் உன் குழந்தைப் பருவம் இருந்தது, உன் நரம்பு மண்டலம் இருந்தது, செத்துப்போன உன் அப்பா இருந்தார், நான் இருந்தேன். நீ மட்டும் எங்கேயும் இல்லை. உன் கல்யாணத்தை உன்னைத் தவிர மற்ற எல்லாரும் சேர்ந்து நிறுத்தியிருக்கிறோம். நீ எனக்குத் தனியாக எழுதியிருந்தால் நானும் உன்னைத் தனியாகத் திட்டியிருப்பேன். நீ நடுத்தெருவில் எழுதினாய், அதனால் நானும் நடுத்தெருவிலேயே பதில் எழுதுகிறேன். நீ இங்கிலீஷில் எழுதினாய், நான் தமிழில் எழுதுகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது, வருகிறேன்.

"இந்த முடிவை நான் எடுக்கவில்லை, இந்த முடிவு எனக்குள் நடந்தது" என்று எழுதியிருக்கிறாய். மழை பெய்கிறது, பூமி அதிர்கிறது, அந்த வரிசையில் உனக்குள் ஒரு முடிவு நடந்திருக்கிறது. யாராவது நெருங்கி வந்தால் விலகி ஓடும்படி உன் மூளைக்குச் சின்ன வயதிலேயே ஒயரிங் செய்துவிட்டார்களாம். ஒயரிங் செய்த எலக்ட்ரீஷியன்கள் நானும் உன் அப்பாவும். மனிதனுக்குச் சுதந்திரமாக முடிவெடுக்கும் சக்தி இருக்கிறது என்பதே ஒரு பிரமை, எல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டது, ஆகவே உன்னை நீயே மன்னித்துக்கொள்ளக் கற்றுக்கொண்டிருப்பதாகக் கடைசியில் எழுதியிருக்கிறாய். உன்னால் வாரக்கணக்காகத் தூங்காத பெண் இங்கே பெங்களூரில், அடுகோடியில் இருக்கிறாள். நீ மன்னிக்கத் தேர்ந்தெடுத்த ஆள் நீயேதான். அதற்குக் கீழே யார் யாரோ "துணிச்சல்" என்று எழுதியிருந்தார்கள். துணிச்சல் என்ற சொல்லுக்கு இப்படி ஒரு கதி வரும் என்று நான் நினைக்கவில்லை.

மனவியல் எனக்குப் புதிதில்லை, மகனே. பிசியோதெரபி படித்தபோது எங்களுக்கும் ஒரு பாடம் இருந்தது. பரிசும் தண்டனையும் எப்படிப் பழக்குகிறதோ அப்படித்தான் மனிதன், எலிக்கும் அவனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று ஒரு கட்சி. சின்ன வயதில் புதைந்தது பெரியவனான பிறகு ஆட்டி வைக்கிறது என்று ஒரு கட்சி. விரலை அசைக்கலாம் என்று நமக்குத் தோன்றுவதற்கு முன்பே மூளையில் அதற்கான வேலை ஆரம்பித்துவிடுகிறது என்று கருவி வைத்துக் காட்டுகிற கட்சி ஒன்று. இவர்கள் எல்லாருக்கும் எதிரே நின்றுகொண்டு, எல்லாம் இருக்கட்டும், கடைசியில் தேர்ந்தெடுப்பவன் மனிதன்தான் என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. தீர்த்து வைக்கும் அளவுக்கு எனக்கு மூளை இல்லை, உனக்கும் இல்லை. ஆனால் அவர்கள் அந்தச் சண்டையைப் போடுவது உண்மை என்னவென்று தெரிந்துகொள்ள. நீ அதற்குள் நுழைந்தது ஒளிந்துகொள்ள. எல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டது என்பதே சரி என்றாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அப்படியென்றால் உன்மேல் எனக்கு இருக்கிற இளக்காரமும் முன்பே தீர்மானிக்கப்பட்டதுதான். என் நரம்பு மண்டலம் அப்படி, நீ கோபித்துக்கொள்ளக் கூடாது.

போன வருடம் உனக்குப் பதவி உயர்வு வந்தது. பெல்லந்தூர் டிராஃபிக்கில் நின்றபடியே போன் செய்து "கலக்கிட்டேம்மா, டீம்ல யாராலயும் முடியாதத நான் பண்ணேன்" என்றாய். அன்றைக்கு உன் நரம்பு மண்டலத்துக்கு நன்றி சொல்லவில்லை. நாங்கள் செய்த ஒயரிங்கைப் பற்றியும் பேச்சு வரவில்லை. நல்லது நடந்தால் நீ செய்தது, கேடு நடந்தால் உனக்குள் நடந்தது. இந்தக் கணக்கு எந்தக் கட்சியின் பாடத்திலும் கிடையாது, இது உன்னுடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

இப்போது தமிழுக்கு வருகிறேன். உன் பதிவு முழுக்க ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் வேறு வேறு உடுப்பு போட்டு நடக்க விட்டிருக்கிறாய். இங்கிலீஷில் அது பார்க்க கௌரவமாக இருக்கிறது. தமிழில் கழற்றிப் பார்த்தால் ஒரே சொல், "முடியலை". நான் முப்பது வருடத்துக்கு மேல் அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டியவள். முழங்கால் ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களிடம் காலை மடக்கச் சொன்னால் எல்லாரும் முதலில் சொல்வது அதுதான். நான் உடனே கேட்பேன், "முடியலையா, மாட்டீங்களா?" சிலருக்குக் கோபம் வரும். சிவாஜிநகரிலிருந்து ஒரு அம்மா வருவார், பாத்திமா பீ என்று பெயர், அவர் மட்டும் நேராகச் சொன்னார்: "மாட்டேன் போம்மா. மடக்குனா உயிர் போவுது. அதான் மாட்டேன்." எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. மாட்டேன் என்கிறவரிடம் பேரம் பேசலாம். இன்றைக்கு இவ்வளவு மடக்குங்கள், நாளைக்கு அவ்வளவு என்று கெஞ்சலாம், மிரட்டலாம், சிரிக்க வைக்கலாம். எதிரே ஒரு ஆள் இருக்கிறார். முடியலை என்கிறவரிடம் யாரோடு பேசுவது?

அந்த இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். மாட்டேன் என்றால் நான், மாட்டாய் என்றால் நீ, மாட்டான் என்றால் அவன். யார் மறுக்கிறார் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. முடியலை என்பதில் ஆளே கிடையாது. நான் சொன்னாலும் நீ சொன்னாலும் அது முடியலைதான். மாட்டேன் என்று சொன்னவனைப் பிடித்து ஏன் என்று கேட்கலாம். முடியலை என்று சொன்னவனுக்கு நாம் குடிக்கத் தண்ணீர் கொடுத்து விசிறிவிட வேண்டும். அதற்காகத்தான் நீ அந்தச் சொல்லை எடுத்தாய்.

நிஜமாகவே முடியாதவர்களையும் எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு எரிச்சல். பக்கவாதம் வந்த ஒருவர், உன் வயதுக்குச் சற்றே கூட இருக்கும், கே.ஆர்.புரத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவர். வலது கை தோளிலிருந்து தொங்கும். வியர்வை ஊற்ற ஊற்ற முயற்சி செய்துவிட்டு, அந்தக் கையை முறைத்துப் பார்த்துச் சொல்வார்: "தூக்க மாட்டேங்குது மேடம்." கவனித்தாயா, நம் பாஷையில் செத்த கைக்குக்கூட ஒரு பிடிவாதம் உண்டு. கதவு திறக்க மாட்டேன் என்கிறது, ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது, பூட்டு விழ மாட்டேன் என்கிறது. உயிரில்லாத சாமான்கள் எல்லாம் மாட்டேன் என்று சொல்கிற ஊரில், முப்பத்தொரு வயதில் உயிரோடு இருக்கிற என் பிள்ளைக்கு முடியலையாம். மனச்சோர்வு வந்து படுக்கையை விட்டு எழ முடியாமல், பல் தேய்க்க முடியாமல் கிடந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மருந்தும் வேண்டும், மருத்துவரும் வேண்டும், நம் பொறுமையும் வேண்டும். அவர்களிடம் இருப்பது அந்த ஒரு சொல்தான். அதைத்தான் நீ எடுத்து மாட்டிக்கொண்டு கடற்கரையில் உட்கார்ந்து தேங்காய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறாய்.

உனக்கு முடியும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். நீயே சொன்னாய். நிச்சயதார்த்தம் முடிந்த மறு வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை, நான் இட்லிக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். நீ சமையல் மேடைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "அம்மா, எனக்கு இவ வேணாம்னு தோணுது" என்றாய். மிக்ஸியை நிறுத்தினேன். ஏன் என்று கேட்டேன். "ரீசன்லாம் ஒண்ணும் இல்லம்மா. நல்ல பொண்ணுதான். எனக்கு வேணாம், அவ்ளோதான்" என்றாய். நான் திட்டவில்லை. வேண்டாம் என்று தோன்றுவது குற்றமில்லை. மூன்று வருடம் பழகி நீயாகக் கூட்டிக்கொண்டு வந்த பெண், ஆனாலும் குற்றமில்லை. போய் அவளிடம் சொல்லிவிடு என்றேன். அப்போது நீ சொன்ன பதிலை நான் மறக்கவே இல்லை. "சொன்னா நான் கெட்டவனாயிடுவேம்மா." அதற்குப் பிறகு ஆற அமர இட்லி சாப்பிட்டாய், இன்னும் இரண்டு போடச் சொன்னாய். நீ அவளிடம் சொல்லிவிடுவாய் என்றுதான் நான் நம்பினேன். உன்னைப் பற்றி நான் வைத்திருந்த அபிப்பிராயம் அப்போது கொஞ்சம் உயரத்தில் இருந்தது.

ஆகவே இது உனக்குள் தானாக நடந்த முடிவு இல்லை. என் சமையலறையில், பகல் வெளிச்சத்தில், உன் வாயால் எடுத்த முடிவு. உனக்கு நடக்காமல் போனது ஒன்றுதான். கெட்டவனாகாமல் அவளை விட வேண்டும், அதற்கு வழி தெரியவில்லை. அதைத் தேடி இரண்டு மாதம் அலைந்து, எங்கேயோ நாலு வீடியோ பார்த்து, உன் குழந்தைப் பருவத்தைக் கண்டுபிடித்தாய். குழந்தையாக இருந்தபோது நீ எப்படி இருந்தாய் என்று நான் சொல்லட்டுமா? பள்ளிக்கூட கேட்டைப் பிடித்துக்கொண்டு "போ மாட்டேன்" என்று நீ போட்ட சத்தம் அல்சூர் ஏரிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும். பாகற்காய்க்கு மாட்டேன், ஊசிக்கு மாட்டேன், என் அக்கா வீட்டில் தூங்க மாட்டேன். அந்த வாட்ச்மேன் உன் விரல்களை ஒவ்வொன்றாகக் கேட்டிலிருந்து பிரித்து எடுப்பார், அவர் இரண்டைப் பிரித்தால் நீ மூன்றைப் பிடிப்பாய். அவமானமாகத்தான் இருக்கும், ஆனால் பிள்ளை யாருக்கும் பயப்பட மாட்டான் என்று உள்ளூர ஒரு திமிரும் எனக்கு இருந்தது. மூன்று வயதில் உன்னிடம் இருந்த சொல்லை நாங்கள் பிடுங்கவில்லை. எங்கேயோ நீயே தொலைத்துவிட்டாய்.

அடுத்தது உன் அப்பா. அவர் பேசாதவர், பாசத்தைக் காட்டத் தெரியாதவர், அந்தக் காயம்தான் உனக்குள் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். போன வாரம் போனில் இன்னும் ஒரு படி மேலே போய், "நீயும் அப்பாவும் பண்ணதுதான் காரணம்னு ஒரு தடவ ஒத்துக்கிட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பும்மா, எனக்கு ஹீல் ஆகறதுக்கு அது வேணும்" என்றாய். அனுப்ப மாட்டேன். பிள்ளை வளர்த்ததில் நான் செய்த தப்புகள் எனக்குத் தெரியும், அவற்றை நான் சுமந்துகொள்கிறேன். உனக்கு அனுமதிச் சீட்டாக எழுதித் தர மாட்டேன். உன் அப்பா பேசாதவர் என்பது உண்மை. உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும், நான்தான் அவரோடு குடித்தனம் நடத்தினேன். நீலசந்திராவில் அவருடைய தம்பி வீட்டுக்குப் பக்கத்திலேயே குடிபோகலாம் என்று அவர் சொல்லி, நான் அல்சூரை விட்டு வர மாட்டேன் என்று நின்றபோது, அவர் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். தட்டு வைத்தால் சாப்பிடுவார், தண்ணீர் வேண்டுமென்றால் அவரே எழுந்து போய்க் குடிப்பார். ஒருநாள் பொறுக்காமல், "என்ன, பேச முடியலையா?" என்று கேட்டேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "முடியும். பேச மாட்டேன்" என்றார். அப்படியே அள்ளி அவர் தலையில் சாம்பாரைக் கொட்டலாம் போல இருந்தது. ஆனால் என் எதிரே ஒரு ஆள் இருந்தார். அவரோடு நான் சண்டை போட்டேன், அழுதேன், ஜெயித்தேன், நாம் அல்சூரிலேயே இருந்தோம். அந்த மனிதர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது "ஆபீஸ்ல ரிலீஸ் இருக்கு, வேலைய விட முடியல" என்று நீ எப்போது வந்து சேர்ந்தாய் என்பதைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை.

உன் பதிவு வந்த நான்கைந்து நாளில் நான் பவித்ரா வீட்டுக்குப் போனேன். யாராவது ஒருவர் போக வேண்டும், நீ போகவில்லை. வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தி அடுகோடி என்றேன். முதல் ஆட்டோக்காரர் "பரல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டாவது ஆளும் "பரல்ல". எத்தனையோ வருடமாக அந்தக் கன்னடச் சொல்லைக் கேட்டு எரிச்சல்பட்டிருக்கிறேன், அன்றைக்கு முதல் முறையாக அதன்மேல் மரியாதை வந்தது. வர மாட்டேன் என்கிறார், அவ்வளவுதான். என் சிறு வயதில் ஓசூர் ரோடு எனக்குக் காயம் ஏற்படுத்தியது அம்மா, ஆகவே அந்தப் பக்கம் போகாதது என் கையில் இல்லை என்று எந்த ஆட்டோக்காரரும் என்னை நிறுத்திவைத்து விளக்கவில்லை. நான் அடுத்த ஆட்டோவைப் பார்க்கலாம். மூன்றாவது ஆட்டோவில் போனேன்.

அவள் அப்பாவை உனக்குத் தெரியும், லேத் பட்டறையை அன்று சீக்கிரமே மூடிவிட்டுக் கையில் கிரீஸ் வாசனை போகாமல் வந்து உட்கார்ந்தார். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். வாசலிலேயே செருப்பைக் கழற்றும்போது மனதில் பதில்களைக்கூட அடுக்கி வைத்திருந்தேன். அவர்கள் திட்டவில்லை. அவள் அம்மா காபி கொண்டுவந்து வைத்து, "தம்பி சாப்பிடறாரா அக்கா? கூட யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவள் அப்பா பேசினார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அவர் எழுதினத பொண்ணு எங்களுக்குத் தமிழ்ல சொல்லுச்சு. நரம்பு, மூளைன்னு என்னென்னவோ வருது. நோய்னா நோய்தானே, அவரு மேல என்ன தப்பு? என் கஸ்டமர் ஒருத்தர் நல்ல டாக்டர் இருக்காருன்னு சொல்றாரு. கல்யாணத்த ஒரு வருஷம் தள்ளி வெச்சுக்கலாம். குணமாகட்டும். நாங்க காத்திருக்கோம்."

"கோவில்ல தினம் விளக்கு போடறேன்" என்றார் அவள் அம்மா. "பக்கத்துல இருக்கறவங்க எல்லாம் பொண்ணுகிட்ட என்ன குறையோன்னு பேசறாங்க. பேசிட்டுப் போறாங்க அக்கா. மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னா அவருக்குத்தானே கெட்ட பேரு, அதனால நான் வாயத் திறக்கல."

நீ இதைப் படிக்கும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசை. அந்த அம்மா உனக்காக விளக்கு போட்டுக்கொண்டிருக்கிறார். தன் பெண்ணின் பேர் தெருவில் நாறினாலும் பரவாயில்லை, உன் பேர் கெடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு இருக்கிறார். நீ கெட்டவனாகாமல் இருக்க எடுத்துக்கொண்ட சிரமத்துக்குக் கைமேல் பலன் கிடைத்திருக்கிறது.

பவித்ரா அதுவரைக்கும் உள்ளே கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். பாடம் நடத்துகிற ஸ்கூலிலிருந்து வந்தவள் ஐடி கார்டைக்கூடக் கழுத்திலிருந்து கழற்றவில்லை. வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். நிச்சயம் ஆன அன்றிலிருந்து என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள்.

"அத்தை, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். அவரு முடியலன்னு சொல்றாரு. இன்னிக்கு முடியலன்னா ஒருநாள் முடியலாம், இல்லையா? அப்ப நான் காத்திருக்கணும். வேணாம்னு சொல்லியிருந்தா அழுதுட்டு எழுந்திருப்பேன். முடியலன்னு சொல்றவர எப்படி விட்டுட்டுப் போறது? கேக்கலாம்னா போன் எடுக்க மாட்டேங்கறாரு."

அப்போதுதான் பிரவீன், நீ செய்திருக்கிற காரியத்தின் முழு அளவு எனக்குத் தெரிந்தது. நீ அவளை விட்டுவிட்டுப் போகவில்லை. கட்டிப்போட்டுவிட்டுப் போயிருக்கிறாய். உன் முடியலைக்கு ஒரு முடிவு தேதி கிடையாது. அவள் நல்லவள், ஆகவே காத்திருப்பாள். அவள் பெற்றோர் நல்லவர்கள், ஆகவே அவளைக் காத்திருக்க வைப்பார்கள். ஒரு வருடம் போகும், இரண்டு வருடம் போகும். நீ எங்கேயோ வேறு ஒருத்தியோடு குணமாகிவிடுவாய், அந்தச் சேதி அவளுக்கு யாரோ அனுப்பும் போட்டோவில் தெரியவரும். இதையெல்லாம் தடுக்க ஒரே ஒரு சொல் போதும். அதைச் சொல்ல வேண்டியவன் நீ. உன்னிடமிருந்து அது வராது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு வந்துவிடலாமா என்று யோசித்தேன். பெற்ற வயிறு அப்படித்தான் யோசிக்கும். மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்கிற பேர் நம் குடும்பத்துக்கும் சௌகரியமானதுதான். பிறகு சொன்னேன்.

"அவனுக்கு ஒரு நோயும் இல்லம்மா. அவனுக்கு முடியும். உன்ன வேணாம்னு எங்கிட்ட அவன் வாயாலயே சொன்னான். கெட்ட பேரு வரும்னு உங்கிட்ட சொல்லல. நீ காத்திருக்காதே."

"பெத்த தாயே இப்படிச் சொல்லலாமா அக்கா" என்றார் அவள் அம்மா. அவள் அப்பா உள்ளங்கையில் இருந்த கிரீஸை வேட்டியில் துடைத்தார். "அப்ப அந்தப் பையன் கெட்டவன்தானா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, நிஜமாகத் தெரிந்துகொள்ளக் கேட்டார். "ஆமாண்ணா" என்றேன். "கெட்ட காரியம்தான் பண்ணியிருக்கான். தெரிஞ்சுதான் பண்ணியிருக்கான்."

பவித்ரா அழவில்லை. "எப்ப சொன்னாரு?" என்று கேட்டாள். நிச்சயம் முடிந்த மறு வாரம் என்றேன். அவள் மனதுக்குள் நாள் கணக்குப் பார்த்தாள்.

"அதுக்கப்புறம்தான் கமர்ஷியல் ஸ்ட்ரீட்ல முகூர்த்தப் புடவை எடுத்தோம்" என்றாள். "நான் மஞ்சள் எடுத்தேன், வேணாம்னாரு. பச்சைய வேணாம்னாரு. பார்டர் பெருசா இருக்கு வேணாம், இது டல்லா இருக்கு வேணாம். கடைக்காரரு சலிச்சுப்போய் உக்காந்துட்டாரு. கடைசில ஒண்ண அவரே எடுத்துக் கொடுத்தாரு. அத்தன புடவைக்கும் வேணாம்னு சொல்ல வந்துச்சு. என்ன மட்டும் வேணாம்னு சொல்ல வரல."

பிறகு எழுந்து ஐடி கார்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். முகம் கழுவிக்கொண்டு வந்து, "காபி ஆறிடுச்சு, வேற தரட்டுமா ஆன்ட்டி?" என்றாள். அத்தை என்பது அந்த முகம் கழுவிய நேரத்துக்குள் போய்விட்டது. அவள் அதை யோசித்துத்தான் செய்தாள், என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். வேண்டாம்மா என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

ஆகவே இப்போதைய நிலவரம் இதுதான். அடுகோடியில் நீ இனி நோயாளி இல்லை. விளக்கு போடுவதை நிறுத்திவிட்டார்கள். உன்னைப் பற்றி அங்கே கெட்ட வார்த்தையில் பேசுவார்கள், பேச வேண்டியதுதான். உனக்கு என்மேல் கோபம் வரும், அதற்கும் ஒரு பதிவு போடுவாய். போடு. ஆனால் நோயாளி என்று உன்னைத் தள்ளி வைப்பதைவிடக் கெட்டவன் என்று திட்டுவது உனக்கு நான் கொடுக்கிற மரியாதை என்பதை எப்போதாவது புரிந்துகொள். மேஜையை யாரும் திட்டுவதில்லை. வேறு மாதிரி செய்திருக்கலாம் என்று நினைக்கிற ஆளைத்தான் திட்டுகிறோம். நீ வேறு மாதிரி செய்திருக்கலாம் என்று இந்த உலகத்தில் இன்னும் நம்புகிற ஒருத்தி நான்தான். உன் பதிவின் கீழே துணிச்சல் என்று எழுதியவர்கள் யாரும் உன்னிடம் அவ்வளவு எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்கு வர வேண்டுமென்றால் வா, சோறு போடுவேன். குழந்தைப் பருவத்தை வெளியே விட்டுவிட்டு வா.

நேற்று அல்சூர் மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் பவித்ராவைப் பார்த்தேன். கூட வேலை பார்க்கிற டீச்சருக்குக் கல்யாணமாம், தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் ஒதுங்கவில்லை, நேராக வந்தாள். ஸ்கூல் எப்படிப் போகிறது என்று கேட்டேன், பரீட்சைத் தாள் திருத்துவதைப் பற்றிச் சொன்னாள், அவள் அப்பா பட்டறைக்குப் புது மிஷின் பார்த்துக்கொண்டிருப்பதைச் சொன்னாள். உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கிளம்பும்போது முந்தானையைக் கொஞ்சம் விரித்துக் காட்டினாள். நல்ல அரக்கு நிறம், மெல்லிய சரிகை.

"நல்லா இருக்குல்ல ஆன்ட்டி?" என்றாள். "அவரு செலக்ட் பண்ணதுதான்."